பொயட்டிக் அம்மோ முதல் நட்சத்ரா வரை: மலேசியத் தமிழ் ராப்பின் எழுச்சியும் பிரிவும்

பொயட்டிக் அம்மோ என்பது மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் 1990-களின் தொடக்கத்தில் உருவான ஹிப்ஹாப் இசைக்குழு. அதன் உறுப்பினர்களில் ஒருவரான யோகி பி, பின்னர் நட்சத்ரா என்ற இளைஞர் இணையுடன் சேர்ந்து 2006-இல் 'வல்லவன்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். தமிழ் ராப் தனி இசை வடிவமாக வளர்ந்த வரலாற்றில் இவ்விரு குழுக்களும் முன்னோடிகள். ஆனால் இரண்டுமே நீடிக்கவில்லை. தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் தமிழ் ராப் திரைப்படத்திலிருந்து பிறந்தது என்றே நினைக்கிறார்கள். அது திரைப்படத்துக்கு வெளியே, கடல் கடந்த ஒரு நகரத்தில், பல மொழி பேசிய இளைஞர்களிடையே எவ்வாறு வளர்ந்தது, அந்தக் குழுக்கள் ஏன் கலைந்தன, அந்த வரலாற்றில் திருவரங்கத்துக்கு என்ன பங்கு என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஹிப்ஹாப்பின் தோற்றம்

ஹிப்ஹாப் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிராங்ஸ் பகுதியில் பிறந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று அங்குள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தை அதன் பிறந்தநாளாகப் பலரும் குறிப்பிடுகின்றனர். ஜமைக்காவில் பிறந்து இளவயதில் அமெரிக்காவுக்குக் குடியேறிய ஹெர்க், இசைத்தட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை இரண்டு தட்டுகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் ஓடவிட்டார். அந்தத் தாளத்தின் மேல் சந்தத்தோடு பேசுவது ராப் ஆயிற்று. 1979-இல் சுகர்ஹில் கேங் குழுவின் பாடல் வெளிவந்தபோது ராப் அமெரிக்கா முழுவதும் கேட்கத் தொடங்கியது.

இந்த இசைக்குப் பெரிய வாத்தியக் குழு தேவையில்லை. சங்கீதப் பயிற்சி இல்லாதவரும் சொல்வளமும் தாள உணர்வும் இருந்தால் மேடையேறலாம். பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் புதிய பாட்டுக்கு அடித்தளமாக்கலாம். இதற்குச் சாம்பிளிங் என்று பெயர். கைப்பணம் குறைந்த இளைஞர்களிடையே ராப் உலகெங்கும் பரவியதற்கு இவை முக்கியக் காரணங்கள். பெரிய நிறுவனங்களின் ஆதரவின்றி, சிறு அரங்குகளிலும் நண்பர் வட்டங்களிலும் கைமாறும் ஒலிநாடாக்களிலும் வளரும் இவ்வகை இசையை 'அண்டர்கிரவுண்ட்' என்கிறார்கள்.

மலேசியத் தமிழர் சூழல்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் பெருந்திரளாக அழைத்துச் செல்லப்பட்டனர். கங்காணி முறையில் ஆள்சேர்ப்பு அதிகம் நடந்த மாவட்டங்களில் தஞ்சாவூர், சேலம் ஆகியவற்றோடு திருச்சிராப்பள்ளியும் ஒன்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை இது தொடர்ந்தது.

பின்வந்த பத்தாண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டத்து வேலையோடு குடியிருப்பும் கோயிலும் பள்ளியும் இழந்த குடும்பங்கள் நகரங்களுக்கு வந்தன. நகரத்தில் வளர்ந்த தலைமுறைக்கு மொழி ஒரு சிக்கலாக இருந்தது. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. ஆனால் அவை ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதன்பின் இடைநிலைப் பள்ளியில் பயிற்றுமொழி மலாய். தமிழ் ஒரு பாடமாக மட்டுமே கிடைக்கும். எனவே ஓர் இளைஞர் வீட்டில் தமிழும், பள்ளியில் மலாயும், வேலையிடத்தில் ஆங்கிலமும், கடைத்தெருவில் கண்டோனியச் சீனமும் கேட்டு வளர்ந்தார். எந்த ஒரு மொழியும் அவருடைய முழு வாழ்க்கையையும் சொல்லப் போதவில்லை. நான்கும் சேர்ந்தால்தான் அவருடைய ஒரு நாள் முழுமையாகும். இந்த நிலையை அப்படியே இசையாக்கிய குழுதான் பொயட்டிக் அம்மோ.

பொயட்டிக் அம்மோவின் எழுச்சி

மலேசியாவில் 1990-களின் தொடக்கத்தில் கேஆர்யு, 4யு2சி போன்ற குழுக்கள் ராப் கலந்த இசையை மலாய் இளைஞர்களிடையே அறிமுகம் செய்திருந்தன. அதே காலத்தில் வளர்ந்த பொயட்டிக் அம்மோவில் யோகி பி, லேண்ட் ஸ்லைட், பாயிண்ட் பிளாங்க், சி. லோகோ ஆகிய நால்வர் இருந்தனர். யோகி பி என்பது யோகேஸ்வரன் வீரசிங்கம் என்பவரின் மேடைப்பெயர். குழுவின் பெயருக்குக் 'கவிதைத் தோட்டாக்கள்' என்று பொருள் கொள்ளலாம். சொல்லே ஆயுதம் என்பது அவர்களுடைய நோக்கு.

பல ஆண்டு மேடை அனுபவத்துக்குப் பின் 1998-இல் அவர்களுடைய முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. 'இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்' என்பது அதன் பெயர். 'உயிரோடிருக்க இது நல்ல நாள்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். அது வெளிவந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 1997-இல் தொடங்கிய ஆசியப் பொருளாதார நெருக்கடியில் மலேசிய நாணயமான ரிங்கிட் பெரும் சரிவைக் கண்டது. பலர் வேலையிழந்திருந்த அந்த நேரத்தில் இத்தகைய தலைப்போடு நகரத்து இளைஞர் குழு ஒன்று முன்வந்தது.

தொகுப்பின் பெரும்பகுதி ஆங்கிலம். அதனுடன் மலாய், தமிழ், கண்டோனியம் ஆகிய மொழிகளும் இடம்பெற்றன. மலேசிய வானொலியும் தொலைக்காட்சியும் மொழிவாரியாகப் பிரிந்தவை. மலாய் நிகழ்ச்சிக்கு ஓர் அலைவரிசை, சீனத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று. ஒரே தொகுப்பில் நான்கு மொழிகளையும் வைத்ததன் மூலம் இக்குழு அந்தப் பிரிவினையைத் தாண்டியது. 2000-இல் 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' என்ற அடுத்த தொகுப்பு வந்தது. 1999-இல் தம் முதல் தொகுப்பை வெளியிட்ட டூ ஃபாட் போன்ற சமகாலக் குழுக்களோடு சேர்ந்து, மலேசிய ஹிப்ஹாப் வெகுமக்கள் இசையாக மாறிய காலம் இது.

நால்வர் நான்கு வழி

2000-களின் முற்பகுதிக்குப் பின் குழு தன் பழைய வடிவில் தொடரவில்லை. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தனி முயற்சிகளுக்குச் சென்றனர். சி. லோகோ, சசி தி டான் என்ற பெயரில் ரெகே இசையின் பக்கம் திரும்பினார். பாயிண்ட் பிளாங்க் தனிக் கலைஞராகத் தொடர்ந்தார். ஈப்போ நகரத்தைக் கொண்டாடும் 'ஈப்போ மாலி' என்ற பாடலால் அறியப்பட்டார். யோகி பி தமிழ் ராப்பை முழுநேர முயற்சியாக எடுத்துக்கொண்டார்.

இப்பிரிவை நட்பின் முறிவாக மட்டும் பார்ப்பது போதாது. பல மொழிகளை ஒன்றாக வைத்திருந்ததே அக்குழுவின் பலம். அதுவே அதன் இக்கட்டும் ஆயிற்று. ஒரு மொழியில் ஆழமாகச் செல்ல விரும்பும் கலைஞருக்கு, ஒரு தொகுப்பில் இரண்டு மூன்று பாடல்கள் போதுமானவை அல்ல. கேட்பவர் சந்தையும் மொழிவாரியாகவே இருந்தது. ஒன்றாக இருந்தபோது அவர்கள் மலேசியா முழுமைக்கும் பொதுவானவர்கள்; பிரிந்த பிறகே ஒவ்வொருவரும் தமக்கான தனி இசையைத் தேடிக்கொள்ள முடிந்தது. இந்தக் குழு கலைந்ததால்தான் தமிழில் முழுமையான ராப் தொகுப்பு ஒன்று உருவாக வழி பிறந்தது என்றும் சொல்லலாம்.

யோகி பி – நட்சத்ரா: 'வல்லவன்'

டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரும் சேர்ந்த இணைக்கு நட்சத்ரா என்று பெயர். இவர்களுடன் யோகி பி இணைந்து 2006-இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். முன்னர் ஆங்கிலத்துக்கு நடுவே தலைகாட்டிய தமிழ், இத்தொகுப்பில் நடுவிடத்துக்கு வந்தது. ஆறாம் வகுப்போடு பயிற்றுமொழி என்ற தகுதியை இழந்துவிடும் மொழி, மேடையில் முழங்கும் மொழியானது. மலேசியத் தமிழ் இளைஞர்களுக்கு இது சிறிய செய்தி அன்று.

தொகுப்பில் மிகவும் புகழ்பெற்றது 'மடை திறந்து' என்ற பாடல். 1980-இல் பாரதிராஜா இயக்கத்தில் வெளிவந்த 'நிழல்கள்' திரைப்படத்தில் இளையராஜா இசையில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலை அடித்தளமாகக் கொண்டது அது. பழைய மெட்டைப் பல்லவியாக வைத்து, இடையில் புதிய ராப் அடிகளை அமைத்தார்கள். யூடியூப் தளம் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. இப்பாடலின் காணொளி மலேசியாவைத் தாண்டித் தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகள்வரை வந்து சேர்ந்தது.

பாடலைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பொருத்தம் உண்டு. 'நிழல்கள்' வேலையற்ற இளைஞர்களைப் பற்றிய படம். அதில் சந்திரசேகர் நடித்த பாத்திரம் இசைத்துறையில் இடம் தேடும் ஏழை இளைஞன். தான் இசையமைப்பாளராக வெற்றி பெறுவதை அவன் மனத்தில் காண்பதே அப்பாடலின் காட்சி. வாய்ப்புக்காகக் காத்திருந்த அந்த இளைஞனின் கனவை, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு நாட்டு இளைஞர்கள் தம் கனவாக எடுத்துக்கொண்டார்கள்.

திருவரங்கத்துத் தொடர்பு

'நிழல்கள்' படத்தின் அந்தப் பாடலை எழுதியவர் கவிஞர் வாலி. ரங்கராஜன் என்ற இயற்பெயர் கொண்ட வாலி 1931-இல் பிறந்து, திருவரங்கத்தில் வளர்ந்தவர். இளமையில் நண்பர்களோடு 'நேதாஜி' என்ற கையெழுத்துப் பத்திரிகையை அங்கு நடத்தினார். பின்னர் திருச்சி வானொலிக்கு எழுதினார். அதன்பிறகே சென்னைக்குச் சென்று திரைப்பாடலாசிரியர் ஆனார்.

கையெழுத்துப் பத்திரிகை என்பது அச்சகச் செலவுக்கு வழியில்லாத இளைஞர்கள் ஒரே பிரதியைக் கையால் எழுதி, படம் வரைந்து, வீடு வீடாகச் சுற்றுக்கு விடும் இதழ். கைமாறிக் கைமாறிப் படிக்கப்படும். கோலாலம்பூர் இளைஞர்களின் ஒலிநாடாக்களுக்கும் இதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை. அங்கீகாரம் கிடைக்கும்வரை காத்திராமல், கையில் உள்ளதைக் கொண்டு தொடங்குவதுதான் இரண்டுக்கும் பொது.

வாலிக்கு ராப் சாயல் கொண்ட இசையோடு நேரடித் தொடர்பும் உண்டு. ஏ. ஆர். ரஹ்மான் இசையில் 'ஜென்டில்மேன்' (1993) படத்தின் 'சிக்கு புக்கு ரயிலே', 'காதலன்' (1994) படத்தின் 'முக்காலா முக்காபுலா' ஆகியவற்றை எழுதியவர் அவரே. அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. 'காதலன்' படத்தில் சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மாள், சாகுல் ஹமீது பாடிய 'பேட்டை ராப்' என்ற பாடலும் உண்டு. தமிழ்நாட்டு வெகுமக்கள் ராப் என்ற சொல்லை அறிந்தது பெரும்பாலும் அப்பாடலால்தான். ஆனால் திரைப்படத்தில் ராப் ஒரு காட்சிக்கான புதுமையாக வந்து போயிற்று. அதையே தம் வாழ்க்கையின் மொழியாகக் கொண்ட குழுக்கள் அன்று கோலாலம்பூரில்தான் இயங்கின.

திருச்சிக்கும் மலேசியாவுக்கும் இடையே போக்குவரத்து என்றும் அறுந்ததில்லை. ஏர் ஏசியா நிறுவனம் இந்தியாவுக்கு விமானம் விடத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்த ஊர் திருச்சிராப்பள்ளிதான். 2008 டிசம்பரில் அச்சேவை தொடங்கியது. முன்பு கப்பலில் சென்ற மக்களின் பேரப்பிள்ளைகள் உருவாக்கிய இசை, காவிரிக்கரைக் கவிஞர் எழுதிய பல்லவியைச் சுமந்துகொண்டு இவ்வழியே திரும்பி வந்தது.

ராப்பும் தமிழ் யாப்பும்

ராப் தமிழுக்கு அந்நியமான வடிவமா என்ற கேள்வி மாணவர்களிடையே எழுவதுண்டு. இலக்கண வகுப்பில் படித்த தொடை வகைகளை நினைவுகூர்ந்தால் விடை கிடைக்கும். சீர்களிலோ அடிகளிலோ முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. இறுதி ஒன்றி வருவது இயைபு. ஆங்கில ராப் பெரும்பாலும் அடியின் இறுதி ஒலியை நம்பியிருப்பது. அதாவது இயைபைச் சார்ந்தது. தமிழில் எழுதும் ராப் கலைஞருக்கு மோனையும் எதுகையும் கூடுதலாகக் கிடைக்கின்றன. அடியின் தொடக்கத்திலும் இறுதியிலும் ஒலியைக் கட்ட முடியும். தமிழ் ஒட்டுநிலை மொழியாதலால் ஒரே விகுதி பல சொற்களில் வரும். எனவே இயைபு எளிது. எளிதாக இருப்பதாலேயே சலிப்புத் தட்டும் ஆபத்தும் உண்டு. எதுகையில்தான் கலைஞரின் சொல்வளம் வெளிப்படும்.

சந்தத்துக்குத் திருச்சிப் பகுதியிலேயே பெரிய முன்னோடி உண்டு. அருணகிரிநாதரைத் திருப்புகழ் பாடப் பணித்தவர் வயலூர் முருகன் என்பது மரபு. திருச்சியை அடுத்த அவ்வூர்க் கோயிலில் இன்றும் அப்பாடல்கள் ஒலிக்கின்றன. குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் ஒரு வாய்பாட்டில் அடுக்கப்பட்டு, நா தடுமாறும் விரைவில் செல்பவை அவை. மூச்சை எங்கே விடுவது, எந்த அசையில் தாளம் விழவேண்டும் என்பவை ராப் கலைஞருக்கும் திருப்புகழ் பாடுபவருக்கும் பொதுவான சிக்கல்கள். பொருளும் சூழலும் வேறு. நாவுக்குரிய பயிற்சி ஒன்றே. தமிழில் ராப்பைச் 'சொல்லிசை' என்று அழைக்கும் வழக்கம் இவ்வகையில் பொருத்தமானது.

திரைப்படமும் குழுக்களும்

'வல்லவன்' வெற்றிக்குப் பின் தமிழ்த் திரைப்படத்துறை யோகி பியை அழைத்தது. 2007-இல் வெளிவந்த 'பொல்லாதவன்' படத்தில், 1979-ஆம் ஆண்டு 'நினைத்தாலே இனிக்கும்' படப் பாடலின் மறுவடிவமான 'எங்கேயும் எப்போதும்' பாடலில் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துடன் அவர் குரல் ஒலித்தது. தொடர்ந்து 'எந்திரன்' (2010), 'ஆடுகளம்' (2011), 'விவேகம்' (2017), 'காலா' (2018) ஆகிய படங்களில் இடம்பெற்றார்.

இதற்கிடையில் யோகி பியும் நட்சத்ராவும் தனித்தனிப் பாதையில் சென்றனர். இங்கும் திரைப்படத்துறையின் இயல்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். திரைப்பாடலில் ராப் கலைஞர் ஒரு குரலாக அழைக்கப்படுகிறார். நான்கு நிமிடப் பாடலில் அவருக்குக் கிடைப்பது சில அடிகள். மெட்டும் முடிவும் இசையமைப்பாளருடையவை. அழைப்பு ஒரு நபருக்கு வரும். குழுவுக்கு வருவது அரிது. குழுவாக இயங்கும் கலைக்கு இத்துறையில் இருக்கை இல்லை. வருமானமும் புகழும் திரைப்படத்தில் இருக்கும்போது, தனித் தொகுப்புக்காகக் குழுவாகச் சேர்ந்து உழைப்பதற்கான காரணம் மெல்லக் குறைகிறது.

கோயம்புத்தூரைச் சேர்ந்த ஹிப்ஹாப் தமிழா இதற்கு ஒரு மாற்று எடுத்துக்காட்டு. ஆதி, ஜீவா ஆகிய இருவரும் இணையத்தில் 'கிளப்புல மப்புல' பாடலால் அறியப்பட்டு, 2012-இல் 'ஹிப் ஹாப் தமிழன்' தொகுப்பை வெளியிட்டனர். 2015-இல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைத்தனர். இவர்களது குழுப்பெயர் நிலைத்தது. காரணம் எளிது: அவர்கள் குரலாக மட்டும் நுழையாமல் இசையமைப்பாளர்களாக நுழைந்தார்கள். பாடலின் உரிமையும் பெயரும் யாரிடம் இருக்கிறதோ, அங்கே குழு பிழைக்கிறது.

2018 ஜனவரியில் சென்னையில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு இன்னொரு வழியைக் காட்டியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில், இசைக் கலைஞர் தென்மாவின் பங்களிப்போடு, கானாவும் ராப்பும் ராக்கும் கலந்து உருவான குழு அது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து அதன் பெயர் வந்தது. அதில் வெளிப்பட்ட பாடலாசிரியரும் ராப் கலைஞருமான அறிவு, 2021-இல் 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலால் உலகறியப்பட்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் நினைவு அப்பாடலின் வேர். அதே ஆண்டு, அப்பாடலின் பெருமை யாருக்கு எவ்வளவு உரியது என்பது பொதுவெளியில் விவாதமானது. கூட்டாகப் பிறக்கும் பாடலில் பெயர் எவ்வாறு பகிரப்படுகிறது என்ற பழைய சிக்கல் இங்கும் தீரவில்லை.

மதிப்பீடு

பொயட்டிக் அம்மோவும் யோகி பி – நட்சத்ரா கூட்டணியும் குறுகிய காலமே நீடித்தன. ஆயினும் தமிழில் ராப் எழுத முடியும், அதைத் திரைப்படத்தின் துணையின்றி மக்களிடம் கொண்டுசேர்க்க முடியும் என்பதை நிறுவியவை அவையே. முதல் குழு மொழிகளைச் சேர்த்து வைத்தது. இரண்டாவது குழு தமிழைத் தனித்து நிற்க வைத்தது. ஒன்று கலைந்த இடத்தில் மற்றொன்று முளைத்தது.

குழுக்கள் கலையும்போது முதலில் மறைவது உடனிருந்தவர்களின் பெயர். 'மடை திறந்து' பாடலை இன்று கேட்பவர்களுள் யோகி பியை அறிந்தவர் பலர். டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரை அறிந்தவர் சிலர். லேண்ட் ஸ்லைட், சி. லோகோ, பாயிண்ட் பிளாங்க் ஆகியோரை அறிந்தவர் மிகச் சிலர். மூலப் பாடலைக் கேட்பவருள்ளும் எழுதியவர் வாலி என்று அறிந்தவர் குறைவு. ஒரு பாடலைக் கேட்கும் மாணவர் அதை எழுதியவர், இசைத்தவர், உடன் பாடியவர் ஆகிய அனைவரையும் தேடி அறிந்துகொள்வது நல்ல பழக்கம். தமிழ் ராப்பின் வரலாறு ஒருவர் கட்டியதன்று. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்கள், நான்கு மொழி பேசிய நண்பர்கள், கையெழுத்துப் பத்திரிகை நடத்திய திருவரங்கத்து இளைஞர் ஒருவர் என்று பலருடைய பங்கும் சேர்ந்தே அது உருவாயிற்று.